'தி வாக்கிங் டெட்' ஐந்தாவது சீசனின் முதல் எபிசோட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சியில் 2010 அக்டோபர் 31 அன்று தொடங்கி, பதினொரு சீசன்கள் ஓடி, 2022 நவம்பரில் நிறைவடைந்த ஜாம்பி தொடர் 'தி வாக்கிங் டெட்'. அதன் ஐந்தாவது சீசன் 2014 அக்டோபர் 12 அன்று 'நோ சாங்சுவரி' என்ற எபிசோடுடன் தொடங்கியது. ஸ்காட் கிம்பிள் எழுத, கிரெக் நிக்கோட்டீரோ இயக்கிய இந்த ஒரு மணி நேரம்தான் அந்தத் தொடரின் ஆகச் சிறந்த சீசன் தொடக்கம் என்பது என் கருத்து. இதைப் பற்றி நண்பர்களும் புதிதாகத் தொடரைப் பார்க்கத் தொடங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த எபிசோடைப் பார்க்காதவர்கள் இதைப் படிக்கலாமா?

வேண்டாம். கதையின் எல்லாத் திருப்பங்களும் கீழே வருகின்றன. முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான்காவது சீசன் எந்த இடத்தில் நின்றது?

சிறைச்சாலையில் வாழ்ந்த கதாநாயகன் ரிக் கிரைம்ஸின் குழு, 'கவர்னர்' என்று அழைக்கப்படும் எதிரியின் தாக்குதலில் சிதறிப்போகிறது. பிரிந்தவர்கள் ஒவ்வொருவரும் ரயில் தண்டவாளங்களின் ஓரமாக வைக்கப்பட்டிருந்த அறிவிப்புகளைப் பின்பற்றி 'டெர்மினஸ்' என்ற இடத்தை நோக்கி நடக்கிறார்கள். அனைவருக்கும் அடைக்கலம் உண்டு, வந்து சேர்பவர்கள் பிழைப்பார்கள் என்று அந்த அறிவிப்புகள் சொல்கின்றன. வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைப்பதோ இருட்டான ஒரு சரக்கு ரயில் பெட்டிதான். தவறான ஆட்களிடம் மோதிவிட்டார்கள் என்று ரிக் சொல்லும் வசனத்தோடு சீசன் முடிந்தது. அந்த வசனத்தைக் கேட்டுவிட்டு ரசிகர்கள் ஆறு மாதத்துக்கும் மேல் காத்திருந்தோம்.

குழுவைச் சேர்ந்த கேரல், டைரீஸ், ரிக்கின் கைக்குழந்தை ஜூடித் ஆகிய மூவர் பெட்டிக்குள் இல்லை. அவர்கள் இன்னும் டெர்மினஸை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். எபிசோடின் முழுக் கதையும் இந்த ஒரு ஏற்பாட்டின்மீதுதான் நிற்கிறது.

தொட்டிக் காட்சியைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

தமக்குக் கிடைத்த மரச்சிராய், பெல்ட், உடையில் இருந்த உலோகத் துண்டு ஆகியவற்றை ஆயுதமாக்கி, கதவு திறந்ததும் பாய்ந்துவிடத் தயாராக ரிக்கின் ஆட்கள் நிற்கிறார்கள். நாமும் அவர்களோடு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். திறப்பது பெட்டியின் கூரை. உள்ளே ஒரு குண்டு விழுகிறது, புகை கிளம்புகிறது, அடுத்த நொடியில் ரிக், டேரில், கிளென், பாப் ஆகிய நால்வரும் வாய் கட்டப்பட்டு, கைகள் பின்னால் பிணைக்கப்பட்டு, நீண்ட உலோகத் தொட்டி ஒன்றின்முன் மண்டியிட்டிருக்கிறார்கள். ஆறு மாதமாக நாம் மனதில் வளர்த்து வைத்திருந்த வீரச் சண்டையை இரண்டு நிமிடத்தில் தூக்கி எறிந்துவிட்டு, இவர்கள் மனித மாமிசம் தின்பவர்களிடம் மாட்டியிருக்கிறார்கள் என்பதை அந்தத் தொட்டியைக் கொண்டே சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

அவர்களுக்கு முன்னால் வேறு நால்வர் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் பேஸ்பால் மட்டையால் பின்மண்டையில் அடிக்கிறான். இன்னொருவன் கழுத்தை அறுக்கிறான். இரத்தம் தொட்டியில் வடிகிறது. அடித்தவனிடம் கோபம் இல்லை, குரூர மகிழ்ச்சியும் இல்லை. காலையில் வேலைக்கு வந்து மாலையில் வீட்டுக்குப் போகும் ஒரு கூலியாளின் அலுப்பு மட்டுமே இருக்கிறது. கிளெனின் தலைக்குமேல் மட்டை உயரும் நேரத்தில் டெர்மினஸின் தலைவன் கேரத் கையில் குறிப்பேட்டோடு உள்ளே வருகிறான். முந்தைய நாள் துப்பாக்கிச் சூட்டில் எத்தனை தோட்டாக்கள் செலவாயின என்று கேட்டுக் கணக்கு எழுதுகிறான். முப்பத்தெட்டு என்று பதில் வருகிறது. எண்ணத் தவறியவனுக்குக் கண்டிப்பு கிடைக்கிறது. கொல்லப்படப் போகிறவர்கள் காலடியில் கிடக்க, அலுவலகத்தில் இருப்புக் கணக்கு பார்க்கும் குரலில் ஒருவன் பேசுவதுதான் இந்தத் தொடர் எனக்குக் காட்டிய மிகக் கொடிய காட்சி. நடைபிணங்கள் நூறு வந்தாலும் அந்தக் குரல் தந்த நடுக்கத்தைத் தரவில்லை. கேரத்தாக நடித்த ஆண்ட்ரூ ஜே. வெஸ்ட் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாமல் இதைச் சாதித்திருக்கிறார்.

இதே காட்சியில் ரிக்கின் பதிலும் முக்கியமானது. காட்டில் புதைத்துவைத்த பையில் என்ன இருக்கிறது என்று கேரத் கேட்க, ரிக் ஒவ்வொன்றாக அடுக்குகிறான். கடைசியாக, சிவப்புக் கைப்பிடி போட்ட வெட்டரிவாள் ஒன்று இருக்கிறது, உன்னைக் கொல்லப்போவது அதைக் கொண்டுதான் என்கிறான். கேரத் சிரிக்கிறான். இரண்டு எபிசோடுகள் கழித்து ரிக் அந்தச் சொல்லை அப்படியே காப்பாற்றுகிறான்.

தொட்டியில் முதலில் கொல்லப்படும் இளைஞனை எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறதே?

அவன் பெயர் சாம். நான்காவது சீசனின் நான்காவது எபிசோடில் ரிக்கும் கேரலும் ஒரு வீட்டில் சந்தித்த இளைஞன். ரிக் தன் கைக்கடிகாரத்தை அவனிடம் கொடுத்து, குறித்த நேரத்துக்குத் திரும்பி வரச் சொன்னான், அவன் வரவில்லை. அந்த நாளில்தான் ரிக் கேரலைக் குழுவிலிருந்து விலக்கினான். சாமுக்கு ஒரு வசனம்கூடக் கொடுக்காமல் அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதன்மூலம், கேரல் விலக்கப்பட்ட நாளை நமக்கு நினைவூட்டிவிட்டுத்தான் எபிசோட் அவளிடம் போகிறது. நடித்தவர் ராபின் லார்ட் டெய்லர். அதே 2014ஆம் ஆண்டில் 'காத்தம்' தொடரில் பேட்மேன் கதைகளின் வில்லன் பெங்குவினாக வந்தவரும் அவரே.

இது கேரலின் எபிசோட் என்று நீங்கள் சொல்வது ஏன்? கதாநாயகன் ரிக் அல்லவா?

ரிக்கின் குழுவை மீட்டது யார் என்று பாருங்கள். முதல் சீசனில் கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு வாய்பேசாமல் துணி துவைத்த பெண் கேரல். இரண்டாவது சீசனில் மகளைப் பறிகொடுத்தாள். நான்காவது சீசனில், தொற்றுநோய் பரவாமல் இருக்க வேண்டும் என்று கேரன், டேவிட் என்ற இருவரைத் தானே கொன்றாள். அதற்காகத்தான் ரிக் அவளுக்கு ஒரு காரையும் கொஞ்சம் பொருள்களையும் கொடுத்துத் தனியே அனுப்பிவைத்தான். பிறகு, தன் தங்கையையே கொன்றுவிட்ட சிறுமி லிசியை, கைக்குழந்தையின் உயிருக்கு அஞ்சி, கேரல் தன் கையாலேயே சுட நேர்ந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டுதான் அவள் இந்த எபிசோடுக்குள் நடந்து வருகிறாள்.

காட்டுக்குள் ஒரு குடிலில் டெர்மினஸைச் சேர்ந்த மார்ட்டின் என்பவன் வாணவெடிகளைத் தயார் செய்துகொண்டிருக்கிறான். நடைபிணங்களைத் திசைதிருப்ப அவர்கள் பயன்படுத்தும் வழி அது. வாள் வைத்திருக்கும் பெண்ணையும் தொப்பி போட்ட சிறுவனையும் பற்றி அவன் வாக்கிடாக்கியில் பேசுகிறான். சிறுவனின் தொப்பி தனக்கு வேண்டும் என்கிறான். குழுவைச் சேர்ந்த மிஷோனும் ரிக்கின் மகன் கார்லும் சிக்கியிருக்கிறார்கள் என்று கேரலுக்குப் புரிய அது போதும். அவள் அழவில்லை, பதறவில்லை. மார்ட்டினைக் கட்டிப்போட்டு டைரீஸிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறாள்.

அடுத்து வருவது முதல் சீசனின் இரண்டாவது எபிசோடை நினைவில் வைத்திருப்பவர்களுக்கான விருந்து. அட்லாண்டா நகரத்தில் ரிக்கும் கிளெனும் பிணத்தின் குடலையும் இரத்தத்தையும் பூசிக்கொண்டு நடைபிணங்களுக்கு நடுவே நடந்தார்களே, அதே உத்தியைக் கேரல் எடுத்துக்கொள்கிறாள். முகத்தில் சேற்றையும் இரத்தத்தையும் பூசிக்கொண்டு, பிணத்தின் உடையைப் போர்த்திக்கொண்டு, டெர்மினஸை நோக்கிப் போகும் கூட்டத்தோடு கலந்துவிடுகிறாள். வேலிக்கு வெளியிலிருந்து எரிவாயுத் தொட்டியைத் துப்பாக்கியால் துளைத்து, கசியும் வாயுமீது வாணவெடி ஒன்றை ஏவுகிறாள். கிளெனின் தலைக்குமேல் மட்டை உயர்ந்திருந்த கட்டிடம் வரை அந்த வெடிப்பு உலுக்குகிறது. அவர்கள் கொல்லப்படாமல் தப்பியது அதனால்தான்.

நடிகை மெலிசா மெக்பிரைட்டின் முகத்தைக் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகு வருகிறது. டெர்மினஸின் உள்ளே, மெழுகுவர்த்திகள் ஏற்றி வைத்த நினைவறை ஒன்றில், முந்தைய சீசனில் கறியைச் சுட்டுக்கொண்டிருந்த மேரி என்ற பெண்ணோடு கேரல் மோதுகிறாள். தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மேரி விளக்கத் தொடங்குகிறாள். தன் ஆட்கள் எங்கே என்பது மட்டுமே கேரலுக்கு வேண்டும். பதில் வராது என்று தெரிந்ததும் காலில் சுட்டுவிட்டு, நடைபிணங்கள் உள்ளே வர வழிவிட்டு வெளியேறுகிறாள். அந்த முகத்தில் பழிதீர்த்த திருப்தி இல்லை. ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்ற அவசரம்தான் இருக்கிறது.

பின்னர் காட்டில் டேரில் அவளைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். அடுத்து ரிக் வருகிறான். அவளை விலக்கியவன் அவன். இதைச் செய்தது நீயா என்று மட்டும் கேட்டுவிட்டு அவளை அணைத்துக்கொள்கிறான். மன்னிப்புக் கேட்கும் வசனம் ஒன்றை அங்கே எழுதியிருந்தால் காட்சி கெட்டிருக்கும். நான்கு சீசன்களாக இந்த மனிதர்களோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த அணைப்பே போதுமானதாக இருந்தது. எனக்கு அங்கே கண் கலங்கியது. பல முறை பார்த்த பின்னும் கலங்குகிறது.

டைரீஸ் பகுதி பலவீனமானது என்று சிலர் சொல்கிறார்களே?

ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். மார்ட்டின் கட்டை அவிழ்த்துக்கொண்டு குழந்தையின் கழுத்தில் கை வைத்து, டைரீஸை ஆயுதமின்றி வெளியே போகச் செய்கிறான். வெளியே நடைபிணங்கள் சூழ்ந்திருக்க, டைரீஸ் வெறுங்கையோடு அத்தனையையும் சாய்த்துவிட்டு உள்ளே வருகிறான். அந்தச் சண்டையின் பெரும்பகுதியை நமக்குக் காட்டவே இல்லை. அதுவரை ஒவ்வொரு அடியையும் பொறுமையாகக் காட்டிய எபிசோட், இங்கே மட்டும் கணக்கை மறைத்துவிட்டது.

ஆனாலும் இந்தப் பகுதி வேண்டாதது என்று சொல்லமாட்டேன். டைரீஸ் கொல்ல மறுக்கும் மனிதன். அவனுடைய காதலி கேரனைக் கொன்ற கேரலையே அவன் மன்னித்தவன். நீ நல்லவன், அதனால்தான் சாகப்போகிறாய் என்று மார்ட்டின் அவனைச் சீண்டுவது, எபிசோட் முழுவதும் ஓடும் கேள்வியை நேருக்கு நேராக எடுத்து வைக்கிறது.

டெர்மினஸ் மக்கள் பிறவியிலேயே அரக்கர்களா?

இல்லை, இந்த எபிசோடின் கனமே அங்குதான் இருக்கிறது. 'அன்று' என்ற எழுத்தோடு வரும் சிறு காட்சி எபிசோடைத் தொடங்கிவைக்கிறது, மற்றொன்று கிட்டத்தட்ட அதன் கடைசியில் வருகிறது. முதலாவதில், ரிக்கின் குழு அடைபட்டிருந்தது போன்ற ஒரு ரயில் பெட்டியில் அடைபட்டுக் கிடப்பவர்கள் கேரத்தும் அவனுடைய ஆட்களும். அவர்கள் உண்மையாகவே அடைக்கலம் கொடுப்பதற்காக அறிவிப்புகளை வைத்தவர்கள். அதைப் பார்த்து வந்த ஒரு கூட்டம் இடத்தைக் கைப்பற்றி, அவர்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்துச் சென்று சித்திரவதை செய்தது. வெளியிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்க, பெட்டிக்குள் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இடத்தை அவர்கள் மீட்டார்கள். ஆனால் மீட்டபோது அவர்களிடம் மிஞ்சியது ஒரே பாடம்: வெட்டுபவனாக இரு, இல்லையேல் வெட்டப்படும் மாடாக இருப்பாய். நினைவறையின் சுவரிலும் தரையிலும் இனி ஒருபோதும் இல்லை, இனி யாரையும் நம்புவதில்லை, நாமே முதலில் என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார்கள். பழைய அறிவிப்புகள் மட்டும் ஒரு சொல்கூட மாறாமல் தண்டவாளத்தின் ஓரமாக அப்படியே நிற்கின்றன.

ரிக்கும் அதே பெட்டியிலிருந்து வெளியே வருகிறான். தப்பித்த பின்பும், மிச்சமிருப்பவர்கள் ஒருவர் விடாமல் சாகும்வரை இது முடியாது என்று திரும்பிப் போகத் துடிக்கிறான். குழுவினர் தடுக்கிறார்கள். கேரத் நடந்துபோன பாதையின் முதல் அடியில் ரிக் நிற்பதை அந்தச் சில விநாடிகளில் நாம் காண்கிறோம். கேரலின் அணைப்பும் ஜூடித்தைத் தாங்கிய டைரீஸின் கைகளும் அவனை அந்தப் பாதையிலிருந்து அப்போதைக்கு இழுத்து நிறுத்துகின்றன. உயிர் பிழைத்தபின் எஞ்சும் மனிதன் யார் என்பதை இத்தனை தெளிவாக இந்தத் தொடர் வேறெந்த சீசன் தொடக்கத்திலும் கேட்டதில்லை.

கிளென் பூட்டிய பெட்டியைத் திறக்கச் சொல்லும் காட்சி எதற்கு?

ஓடித் தப்பிக்க வேண்டிய நேரத்தில், உள்ளே மனிதர்கள் இருந்தால் விடுவிக்க வேண்டும், நாம் இன்னும் அப்படிப்பட்டவர்கள்தான் என்று கிளென் வற்புறுத்துகிறான். திறந்ததும் புத்தி பேதலித்த ஒருவன் கத்திக்கொண்டு பாய்கிறான். அவன் சற்று நேரத்தில் கடிபட்டு விழுகிறான். அந்த நற்செயல் யாருக்கும் பயன்படவில்லை. இருந்தும் கிளென் சொன்னது தவறு என்று கதை எங்கும் சொல்வதில்லை. கேரத் இழந்ததைக் கிளென் இன்னும் இழக்கவில்லை என்று காட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இருந்திருக்காது.

வன்முறை அளவுக்கு மீறிப் போகவில்லையா?

தொட்டிக் காட்சியைக் குழந்தைகளோ இளகிய மனம் உள்ளவர்களோ பார்க்கக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இயக்குநர் நிக்கோட்டீரோ அடிப்படையில் ஒப்பனைக் கலைஞர்; இந்தத் தொடரின் நடைபிணங்களை உருவாக்கியவரே அவர்தான். அதற்கான எம்மி விருது 2011இலும் 2012இலும் தொடருக்குக் கிடைத்தது. எனவே இரத்தத்தைக் காட்டுவதில் அவருக்குத் தயக்கம் கிடையாது. ஆனால் இங்கே அவர் காட்டும் இரத்தம் பயமுறுத்துவதற்காக மட்டும் வைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதைப் பார்க்காமல், கேரத்தின் தோட்டாக் கணக்கு எவ்வளவு கொடூரமானது என்பதை நம்மால் உணர்ந்திருக்க முடியாது.

காமிக்ஸிலும் இதே கதைதானா?

டெர்மினஸ் தொலைக்காட்சிக்கென்றே உருவானது. தொடருக்கு மூலமான, ராபர்ட் கிர்க்மன் எழுதிய காமிக்ஸில் மனித மாமிசம் தின்னும் ஒரு சிறிய குழு உண்டு. 61 முதல் 66 வரையிலான இதழ்களில் அவர்கள் வருகிறார்கள். ஆனால் அங்கே கேரல் சிறைச்சாலைக் காலத்திலேயே இறந்துவிட்டவள். ஆகவே இந்த எபிசோடின் மையமான மீட்பு காமிக்ஸில் நடந்திருக்கவே முடியாது. மூலக் கதையில் பாதி வழியில் மறைந்துபோன ஒரு பெண்ணை, ஒரு நடிகையின் திறமையை நம்பி வளர்த்தெடுத்து, குழு முழுவதையும் காப்பாற்ற வைத்தார்கள். காமிக்ஸை முழுவதும் படித்தவர்கள்கூட அவளுடைய ஒவ்வோர் அடியையும் ஆவலோடு பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

கடைசியில் முகமூடியோடு வருபவர் யார்?

மோர்கன். லெனி ஜேம்ஸ் நடித்த பாத்திரம். தொடரின் முதல் எபிசோடில் ரிக்குக்கு உலகம் என்ன ஆனது என்று சொல்லிக்கொடுத்தவர். மூன்றாவது சீசனின் பன்னிரண்டாவது எபிசோடில் மனம் சிதைந்த நிலையில் திரும்ப வந்தவர். அறிவிப்புப் பலகையில் ரிக் சேற்றால் திருத்தி எழுதிய, இங்கே அடைக்கலம் இல்லை என்ற பொருள் தரும் சொற்களை அவர் பார்க்கிறார். பெயர்கள் ஓடி முடிந்தபின் வருவதால் பலர் தவறவிடுகிறார்கள். கடைசி வரை ஓடவிடுங்கள்.

ஏழாவது சீசனின் தொடக்கத்தைவிட இது சிறந்தது என்று எதனால் சொல்கிறீர்கள்?

இரண்டும் ஒரே இக்கட்டிலிருந்து பிறந்தவை: முந்தைய சீசன் நம்மை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனது. ஆறாவது சீசனின் முடிவில் நீகன் என்ற வில்லன் தன் மட்டையால் யாரை அடித்தான் என்பதை மறைத்துவைத்து, 2016 அக்டோபர் 23 அன்றுதான் காட்டினார்கள். அன்று ரிக்கின் குழுவைச் சேர்ந்த ஆபிரகாமும் கிளெனும் இறந்தார்கள். காமிக்ஸின் நூறாவது இதழில் கிளெனுக்கு நேர்ந்த முடிவு அது என்பதால், தொட்டியின்முன் அவன் தலைமேல் மட்டை உயர்ந்த 2014ஆம் ஆண்டிலேயே காமிக்ஸ் வாசகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது சீசன் தொடக்கம் நம்மை மண்டியிட வைத்து, யார் யார் என்று ஊகிக்கச் சொல்லி, விடையையும் தள்ளிப்போட்டு, பிறகு நொறுக்கியது. ரிக்கை உடைப்பதே அதன் நோக்கம் என்பதால் அந்த முறைக்கு ஒரு நியாயம் இருக்கலாம். 'நோ சாங்சுவரி' நமக்குப் பட்டிருந்த கடனை முதல் சில நிமிடங்களிலேயே தீர்த்துவிட்டு, மீதி நேரத்தை அந்த மனிதர்களை ஒன்றுசேர்க்கச் செலவிட்டது. டெர்மினஸை வைத்து அரை சீசன் இழுத்திருக்கலாம்; ஒரே எபிசோடில் எரித்துத் தள்ளினார்கள். ரசிகர்களின் பொறுமையை மதித்த எழுத்து என்று இதைத்தான் சொல்வேன்.

எத்தனை பேர் பார்த்தார்கள்?

முதல் ஒளிபரப்பை அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 73 லட்சம் பேர் பார்த்தார்கள். தொடரின் வரலாற்றில் வேறெந்த எபிசோடும் இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

முழுத் தொடரையும் பார்க்க நேரமில்லை. இதற்கு முன் எவற்றையாவது பார்த்தால் போதுமா?

முழுவதையும் பார்ப்பதே முறை. இயலாதவர்கள், குடல் பூசும் உத்திக்காக முதல் சீசனின் முதல் இரண்டு எபிசோடுகளையும், மோர்கனுக்காக மூன்றாவது சீசனின் பன்னிரண்டாவதையும், கேரல் விலக்கப்படுவதற்காக நான்காவது சீசனின் நான்காவதையும், டெர்மினஸுக்காக அதே சீசனின் பதினாறாவதையும் பாருங்கள். லிசியின் கதை வரும் பதினான்காவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்திருந்தால்தான், குடிலின் வாசலில் ஜூடித்தைத் தூக்கிக்கொண்டு டைரீஸ் வெளியே வரும்போது கேரல் ஏன் சற்று விலகியே நிற்கிறாள் என்பது உங்களுக்குப் புரியும்.